படத்தை நம்பிக் குதிரை வாங்கலாமா?

அமெரிக்காவின் குவார்ட்டர் ஹார்ஸ் இனத்தில் ஒரு பொலிகுதிரைக்குப் பேர் வாங்கிக் கொடுப்பது பெரும்பாலும் அதன் புகைப்படம்தான். பெண் குதிரை வைத்திருப்பவர் ஆயிரம் மைலுக்கு அப்பால் இருப்பார். குளிரூட்டிய விந்து விமானத்தில் வந்து சேரும். பொலிகுதிரையை ஒருமுறைகூட நேரில் பார்க்காமலே அவர் கட்டணம் கட்டிவிடுவார். அதனால் அந்த ஒரு படத்துக்காக மாதக்கணக்கில் உழைக்கிறார்கள். குளிர்காலத்தில் ரோமம் அடர்ந்துவிடாமல் இருக்க, கொட்டிலில் விளக்கெரித்து நாளுக்குப் பதினாறு மணி நேரம் வெளிச்சம் கொடுக்கிறார்கள். தினமும் தேய்த்துவிட்டு, மேலே போர்வை போர்த்துகிறார்கள். படம் எடுக்கும் அன்று மூக்கைச் சுற்றி எண்ணெய் பூசிக் குளம்புக்கு மெருகேற்றுகிறார்கள். நான்கு கால்களும் தனித்தனியாகத் தெரியும்படி நிறுத்திய பிறகு, உதவியாளர் சற்றுத் தள்ளி நின்று தானிய டப்பாவைக் குலுக்குவார். காதுகள் முன்னோக்கி விறைக்கும் அந்த ஒரு நொடிக்காகப் புகைப்படக்காரர் காத்திருப்பார். பக்கத்தில் போய் எடுத்தால் தலை பெருத்தும் பின்பாகம் சிறுத்தும் தெரியும் என்பதால், அவர் தொலைவில் நின்று நீண்ட லென்ஸில், குதிரையின் நடு உடல் உயரத்திலிருந்து எடுப்பார்.

இந்த உழைப்பைப் பொதுவாக நான் குறை சொல்ல மாட்டேன். பளபளக்கும் மேனிக்குப் பின்னால் நல்ல தீவனமும் நல்ல பராமரிப்பும் இருக்கின்றன. முகத்தின் மீசை முடிகளை மழிப்பதை மட்டும் ஏற்க முடியவில்லை. அவை குதிரை தொட்டு உணர்வதற்கானவை. அவற்றை மழித்த குதிரைகள் தன் போட்டிகளில் பங்கேற்கக் கூடாது என்று சர்வதேசக் குதிரையேற்றக் கூட்டமைப்பு 2021-இல் தடை விதித்தது சரியான முடிவு. ஆனால் என் கவலை வேறு. படம் உடல்வாகை மட்டுமே காட்டும். அந்த உடல்வாகையே தகுதியாக வைத்து ஓர் இனத்தைப் பெருக்கத் தொடங்கினால் என்ன ஆகும் என்பதற்கு இம்ப்ரெசிவ் என்ற குதிரையின் வரலாறே சான்று.

இம்ப்ரெசிவ் 1969-இல் பிறந்த செந்நிறப் பொலிகுதிரை. 1974-இல் ஹால்டர் பிரிவில் உலக சாம்பியன் ஆனது. ஹால்டர் போட்டியில் சேணமும் இல்லை, சவாரியும் இல்லை. தலைக்கயிற்றைப் பிடித்து நடத்தி வந்து நிறுத்துவார்கள். நடுவர் உடலமைப்பைப் பார்த்து மதிப்பிடுவார். திரண்ட தசைகளோடு நின்ற இம்ப்ரெசிவுக்கு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட குட்டிகள் பிறந்தன. குட்டிகளுக்கும் அதே கட்டுடல் வாய்த்தது. அவையும் பரிசுகளை அள்ளின. அவற்றுக்கும் இனப்பெருக்கச் சந்தை திறந்தது. பிறகுதான் அந்த வழியில் வந்த குதிரைகளுக்கு ஒரு நோய் இருப்பது தெரிந்தது. திடீரென்று தோல் துடிக்கும், பின்னங்கால்கள் தள்ளாடும், குதிரை அப்படியே சரிந்து விழும். சில குதிரைகள் இறந்தும் போயின. ஹைபர்கலீமிக் பீரியாடிக் பராலிசிஸ் எனப்படும் இந்தப் பரம்பரை நோயில், தசைச் செல்லின் சோடியம் வாயில் சரியாக மூடாது. ரத்தத்தில் பொட்டாசியம் ஏறிவிடும். குதிரைகளுக்கு ஆசையாகப் போடும் குதிரை மசால்கூட, பொட்டாசியம் மிகுந்தது என்பதால், நோயைத் தூண்டிவிடும். இதற்குக் காரணமான மரபணுப் பிழையை 1992-இல் கண்டுபிடித்தார்கள். தாய், தந்தை இருவரில் ஒருவரிடமிருந்து அந்தப் பிழை வந்தாலே நோய் வரக்கூடும். தசைகள் ஓயாமல் சுண்டிக்கொண்டிருந்ததால்தான் அந்தத் திரட்சியே வந்திருக்கலாம் என்று கருதப்படுகிறது. அது உண்மையானால், நடுவர்கள் பரிசு கொடுத்தது நோய்க்கு.

சவாரிக்கென்று வளர்க்காத குதிரையிடம் சவாரித் திறமையை ஏன் கேட்க வேண்டும் என்று ஹால்டர் வளர்ப்பாளர்கள் கேட்பதுண்டு. உடலமைப்பு என்பதே வேலை செய்வதற்கான அமைப்புதான் என்பது என் பதில். குவார்ட்டர் ஹார்ஸ் இனம் பெயர் பெற்றது மாட்டுப் பண்ணைகளில். கட்டிங் போட்டியைப் பாருங்கள். இரண்டரை நிமிடத்துக்குள் மந்தையிலிருந்து மாடுகளை ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டும். பிரித்த கணத்தில் சவாரி செய்பவர் கடிவாளக் கையைத் தாழ்த்தி விட்டுக்கொடுத்துவிடுவார். அதற்குப் பிறகு மாடு எந்தப் பக்கம் பாய்ந்தாலும் மறித்து நிற்பது குதிரையின் பொறுப்பு. அதன் மூட்டு, மூச்சு, புத்தி, பொறுமை எல்லாம் அந்த நிமிடங்களில் வெளிப்பட்டுவிடும். எந்தப் படமும் இதைக் காட்டாது. சவாரிப் போட்டிகளில் தகுதி பெற்ற குதிரைகளுக்கு மட்டும் ஹால்டரில் தனிப் பிரிவு இருப்பது, இந்த நியாயத்தை அமெரிக்கக் குவார்ட்டர் ஹார்ஸ் சங்கமே ஒப்புக்கொண்டதற்கு அடையாளம்.

ஆனால் களத்தில் வாங்கிய மதிப்பெண்ணும் முழுக் காப்பு ஆகாது. டென்னசி வாக்கிங் குதிரைகள் முன்னங்கால்களை உயர்த்தி நடப்பதற்குப் பரிசு என்று ஆனதும், கணுக்காலுக்குக் கீழே எரிச்சலூட்டும் ரசாயனங்களைத் தடவி, வலியால் காலைத் தூக்க வைத்தார்கள். அதைத் தடுக்கத்தான் அமெரிக்கா 1970-இல் குதிரைப் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தது. இம்ப்ரெசிவ் வழி வந்த குதிரைகளிலும் மரபணுப் பிழையின் ஒரே ஒரு பிரதியைச் சுமந்தவை பல, அறிகுறி தெரியாமல் வேலை செய்யக்கூடியவை. ஆகவே படம், களப் பதிவு, மரபணுச் சோதனை மூன்றும் சேர்ந்தால்தான் ஒரு குதிரையைப் பற்றிய பேச்சு முழுமையாகும். இவற்றில் மிக எளிதானது கடைசியாகச் சொன்னதுதான். சில முடிகளைப் பிடரியிலிருந்து பிடுங்கி ஆய்வகத்துக்கு அனுப்பினால் போதும்.

சோதனை வந்து பல ஆண்டுகள் ஆன பிறகே, இரண்டு பிரதிகளையும் சுமந்து 2007-லிருந்து பிறக்கும் குட்டிகளைப் பதிவு செய்ய அமெரிக்கக் குவார்ட்டர் ஹார்ஸ் சங்கம் மறுத்தது. ஒற்றைப் பிரதியைச் சுமக்கும் குட்டிகளுக்கு அந்தத் தடை கிடையாது. அதையும் விதிக்க வேண்டும். அதுவரை பொறுப்பு வாங்குபவருடையது. விளம்பரத்தில் குதிரை எவ்வளவு அழகாக நின்றாலும், அது வேலை செய்யும் வீடியோவையும் மரபணுச் சோதனை முடிவையும் கேட்டு வாங்குங்கள். தர மறுப்பவரிடம் பணம் கட்டாதீர்கள்.