வெள்ளெழுத்தும் கைநாட்டும்

மீள்குடியேற்றப் படிவங்களை நிரப்ப உதவிக்குச் சென்ற ஓரிடத்தில் அறுபது வயதை அண்மித்த ஒரு தாயைச் சந்தித்தேன். படிவத்தைக் கொடுத்ததும் ஒன்றும் பேசாமல் பெருவிரலை நீட்டினார். எழுதப் படிக்கத் தெரியாதவர் என எண்ணி மைப்பெட்டியைத் தள்ளி வைத்தேன். பக்கத்தில் நின்ற அவருடைய தங்கை, "அக்கா எட்டாம் வகுப்பு மட்டும் படிச்சவ, சுவாமி. இப்ப கிட்ட எழுத்துத் தெரியுதில்லை" என்றார். என் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்தேன். அதைப் போட்டுக்கொண்டு தமது காணி உறுதியின் இலக்கத்தை மெல்ல வாசித்தார். படிவத்தில் ஓர் இலக்கம் மாறிப் பதியப்பட்டிருப்பதையும் அவரே காட்டினார். பின்னர் கையொப்பமிட்டார்.

அந்தத் தாய்க்கு இல்லாதிருந்தது படிப்பல்ல, ஒரு கண்ணாடி. அதை நானும் உடனே விளங்கிக்கொள்ளவில்லை.

வெள்ளெழுத்து என்றால் என்ன?

நமது கண்ணுக்குள் தெளிவான ஒரு வில்லை இருக்கிறது. கிட்டப் பார்க்கும்போது அது தடித்தும், தூரப் பார்க்கும்போது மெலிந்தும் தன்னை மாற்றிக்கொள்ளும். வயது ஏற ஏற அது இறுகிவிடுகிறது. நாற்பது வயதளவில் கிட்டப் பார்வை மங்கத் தொடங்கும். கடிதத்தைக் கை நீட்டித் தூரப் பிடிப்பதும், ஊசியில் நூல் கோக்கப் பேரப்பிள்ளையைக் கூப்பிடுவதும் இதன் அடையாளங்கள். இதையே வெள்ளெழுத்து, சாளேசரம் என்கிறோம். படித்தவர், படியாதவர், பணக்காரர், ஏழை என்ற வேறுபாடு இதற்கு இல்லை. எல்லோருக்கும் வரும்.

வேறுபாடு எங்கே வருகிறது?

வேறுபாடு வருவது கண்ணாடி கிடைப்பதில்தான். கிட்டப் பார்வைக் குறைபாட்டுக்குக் கண்ணாடி இல்லாமல் இருப்போர் செல்வந்த நாடுகளில் பத்து வீதத்துக்கும் குறைவு. ஆபிரிக்காவின் பல பகுதிகளில் எண்பது வீதத்துக்கும் மேல். நமது நாட்டில் 2014, 2015 ஆம் ஆண்டுகளில் நடந்த தேசிய ஆய்வின்படி, நாற்பது வயதுக்கு மேற்பட்ட நூறு பேரில் ஏறத்தாழ 17 பேருக்குப் பார்வைக் குறைபாடு இருந்தது. அதற்கு முதற் காரணம், கண்ணாடியால் திருத்தக்கூடிய குறைபாட்டுக்குக் கண்ணாடி போடாமையே.

உத்தியோகத்தருக்கு எழுத்து மங்கினால் அடுத்த மாதமே கண்ணாடி வந்துவிடும். தோட்டம் செய்பவர், "எனக்கேன் கண்ணாடி, நான் என்ன கந்தோருக்கா போறன்?" என்பார். வீட்டில் பணம் குறைவென்றால் முதலில் பிள்ளையின் படிப்பு, பிறகு ஐயாவின் மருந்து, கடைசியில்தான் அம்மாவின் கண். ஒரு நாள் கூலியை விட்டு, பேருந்தில் யாழ்ப்பாணம் போய் வரிசையில் நிற்பதும் ஒரு செலவே.

ஆனால் கண்ணாடி படித்தவருக்கு மட்டும் உரியதா? பூச்சிமருந்துப் போத்தலில் எழுதியிருக்கும் அளவைச் சரியாக வாசிக்காவிட்டால் பயிரும் கெடும், உடலும் கெடும். மிளகாய் இலையின் அடியில் இருக்கும் பூச்சியைக் காலத்தோடு காண்பதற்கும் கிட்டப் பார்வை வேண்டும். இந்தியாவின் அசாம் மாநிலத்தில் நாற்பது வயது கடந்த கொழுந்து பறிப்போருக்குக் கண்ணாடி கொடுத்துப் பார்த்த ஆய்வொன்று 2018 இல் வெளியானது. கண்ணாடி பெறாதவர்களோடு ஒப்பிட, பெற்றவர்கள் பறித்த கொழுந்தின் அளவு ஏறத்தாழ 22 வீதம் கூடுதலாக உயர்ந்திருந்தது.

இடம்பெயர்ந்தோர் நிலை

1990 இல் வலிகாமம் வடக்கை விட்டு வெளியேறியபோது இருபது வயதாயிருந்த ஒருவர் இன்று ஐம்பதைத் தாண்டிவிட்டார். முகாமிலும் உறவினர் வீட்டிலும் கழிந்த ஆண்டுகளில் மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய் தட்டுப்பாட்டில் ஜாம்போத்தல் விளக்கே வெளிச்சம். அந்த வெளிச்சம்தான் கண்ணைக் கெடுத்தது எனப் பலர் நினைக்கிறார்கள். மங்கிய வெளிச்சம் கண்ணைக் களைப்படையச் செய்யும், ஆனால் வெள்ளெழுத்தைத் தருவதில்லை. உண்மையான இழப்பு வேறு. உயிரையும் உணவையும் தேடிய அந்தக் காலத்தில், கண்ணைக் காட்டும் பழக்கமே நம்மிடம் வளராமற் போயிற்று. இன்று உறுதி, வரைபடம், படிவம் என்று எல்லாவற்றையும் வாசித்து உரிமை கேட்க வேண்டிய காலத்தில் அந்தக் குறை நம்மைத் தாக்குகிறது.

கண்ணாடியால் தீராதவை

எல்லா மங்கலும் வெள்ளெழுத்தல்ல. கண்ணின் வில்லை பால்போல் மங்குவது கண்புரை. மேற்சொன்ன தேசிய ஆய்வில், பார்வையற்றோரில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினருக்கு இதுவே காரணமாயிருந்தது. சொட்டு மருந்தால் இது மாறாது. சத்திரசிகிச்சை செய்து செயற்கை வில்லை வைத்தால் பெரும்பாலானோருக்குப் பார்வை திரும்பும். சலரோகம் கண்ணின் உள்திரையிலுள்ள நுண்குழாய்களைப் பழுதாக்கும். தொடக்கத்தில் ஒன்றும் தெரியாது. குளுக்கோமா பக்கப் பார்வையை மெல்ல அழிக்கும். அதனால் போன பார்வை திரும்பாது, மிஞ்சியதைக் காப்பாற்றலாம்.

நாம் செய்யக்கூடியவை

1. நாற்பது வயது கடந்த ஒவ்வொருவரும் ஒரு முறையாவது கண்ணைப் பரிசோதிப்போம். அரச வைத்தியசாலையில் இதற்குக் கட்டணமில்லை.

2. சலரோகம் உள்ளவர்கள் ஆண்டுக்கொரு முறை கண்ணையும் காட்டவேண்டும். குடும்பத்தில் குளுக்கோமா இருந்தால் மற்றவர்களும் காட்டவேண்டும்.

3. கடையில் வாங்கும் வாசிப்புக் கண்ணாடி உதவும். ஆனால் அது பரிசோதனைக்கு ஈடாகாது.

4. கண்ணில் முள்ளோ வைக்கோலோ பட்டால் தாய்ப்பாலோ இலைச்சாறோ விடவேண்டாம். உடனே வைத்தியரிடம் செல்லுங்கள்.

5. மாதர் சங்கமும் கமக்காரர் அமைப்பும் ஒரு நாளைக் குறித்து, ஊரவரைச் சேர்த்து ஒரே வாகனத்தில் கிளினிக்குக்குப் போகலாம். தனியே போகத் தயங்கும் அம்மாமார் கூட்டத்தோடு வருவார்கள்.

6. படிவத்தின் முன் யாராவது பெருவிரலை நீட்டினால், மைப்பெட்டியை எடுக்குமுன், "கண்ணாடி வேணுமோ அம்மா?" என்று கேட்போம்.