சுமைதாங்கி சொல்லும் கட்டடப் பாடம்

சுமைதாங்கிக் கல்லை நம் பிள்ளைகள் பார்த்திருக்க மாட்டார்கள். இரண்டு கல்லை நட்டு, மேலே ஒரு கல்லைப் படுக்க வைத்தால் முடிந்தது. பிள்ளை பெறாமலே சூலோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக அதை நிறுத்துவது வழக்கம். தோளுயரத்தில் இருப்பதால் தலைச்சுமைக்காரர், "ஒரு கை கொடுங்க" என்று யாரையும் கேட்காமல் சுமையை இறக்கலாம், ஏற்றலாம். பொது இடத்தில் கட்டும் சிறு அமைப்புக்கு இதுவே இலக்கணம் என்பது என் கருத்து.

சில ஆண்டுகளுக்கு முன் நம் பொங்கல் விழா ஒரு வாடகை மண்டபத்தில் நடந்தது. வாசலில் ஐந்து படி. சக்கர நாற்காலியில் வந்த நண்பரை நாலு பேர் தூக்கிப் போனோம். எங்களுக்குத் திருப்தி, அவருக்கோ கூச்சம். மறு வருஷத்திலிருந்து அவர் வரவில்லை.

வந்தவாசிப் பக்கம் எங்கள் வீட்டுத் திண்ணையும், இங்கே அகமதாபாத்தின் பழைய 'போள்' தெருக்களில் உள்ள 'ஓட்லோ'வும் உடன்பிறப்புகள். வீட்டுக்கும் தெருவுக்கும் நடுவே உட்கார, பேச, காய் நறுக்க ஓர் இடம். ஆனால் பெருமை பேசும்போது உண்மையும் பேசணும். திண்ணையில் எல்லாச் சாதியாரும் உட்கார முடிந்ததா? சுவரில்லாத இடத்திலும் வேலி இருந்தது.

நம் சங்க முற்றத்தில் சிறு கூடம் போடலாம் என்று பேச்சு நடக்கிறது. வியாபாரிக் கணக்காகவே சொல்கிறேன். தளத்தை 1 அடி உயர்த்தினால் சரிவுப் பாதை 12 அடி நீளம் வேண்டும்; 2021-இல் ஒன்றிய அரசு வெளியிட்ட வழிகாட்டு நெறிகளிலும் இந்த விகிதமே உண்டு. அரை அடியோடு நிறுத்தினால் 6 அடி போதும். சக்கர நாற்காலி திரும்ப 5 அடி வட்டம் விடணும். இருக்கை ஒன்றரை அடி உயரத்தில் இருக்கட்டும். சிலவற்றுக்குக் கைப்பிடி வைத்தால் முழங்கால் வலிக்காரர் ஊன்றி எழுந்திருப்பார். மேடையைக் கட்டி எழுப்பாமல் கழற்றி மாட்டும் பலகையாக வைப்போம். தரையில் பந்தல்கால் குழிகளை மூடியோடு விட்டுவைத்தால், அதே இடம் பொங்கலுக்குப் பந்தல், ஞாயிற்றுக்கிழமை தட்டி கட்டித் தமிழ் வகுப்பு.

வரைபடம் தயாரானதும் முதலில் அந்த நண்பரிடம் காட்டுவோம். கொண்டுபோகிற வேலை என்னுடையது.