மொரீஷஸ் தீவின் ரோஜாப் புறா

கரும்புத் தோட்ட வேலைக்கென்று நம் ஜனங்கள் கப்பலேறிப் போன தீவுகளில் மொரீஷஸும் ஒன்று. தைப்பூசக் காவடிக்கு அங்கே இன்றும் பொது விடுமுறை. அந்தத் தீவின் காட்டில் ஒரு புறா உண்டு. உலகில் வேறு எந்தக் காட்டிலும் அது கிடையாது. தலையும் மார்பும் வெளிறிய ரோஜா நிறம், இறக்கை பழுப்பு, வால் செங்கல் நிறம். நம் லயத்துக் கூரையில் குனுகும் புறாவைவிடக் கொஞ்சம் பெரிது.

பறக்கத் தெரியாத டோடோவும் அந்தத் தீவுப் பறவைதான், அதுவும் புறா ஜாதி. டச்சுக்காரர்கள் 1598-இல் கால் வைத்தார்கள். நூறு வருஷத்துக்குள் டோடோ பூண்டோடு போயிற்று.

ரோஜாப் புறாவும் அதே வழியில்தான் போய்க்கொண்டிருந்தது. காட்டை வெட்டிக் கரும்பும் தேயிலையும் நட்டார்கள். கப்பலோடு எலி வந்தது, பூனை வந்தது, குரங்கும் வந்தது. நம் செம்பனைக்குள் கும்பலாகத் திரிகிறதே, அதே நீண்டவால் குரங்குதான்! எலியைப் பிடிக்கட்டும் என்று 1900-ஆம் ஆண்டுவாக்கில் கீரிப்பிள்ளையை வேறு கொண்டுவந்து விட்டார்கள். அது எலியோடு நிற்குமா? 1990 வாக்கில் காட்டில் மிஞ்சியவை பத்துப் பன்னிரண்டு புறாக்கள்தாம்.

நல்ல வேளை, 1970-களிலேயே சிலவற்றைப் பிடித்துக் கூண்டில் வளர்க்கத் தொடங்கியிருந்தார்கள். வேல்ஸ் நாட்டுக்காரர் கார்ல் ஜோன்ஸ் 1979-இல் அங்கே போய் இந்த வேலையில் இறங்கினார். கூண்டுப் புறாக்கள் குஞ்சுகளைச் சரியாகப் பேணவில்லை. அதனால் முட்டையை எடுத்துச் சாதுவான வளர்ப்புப் புறாவின் கீழ் வைத்தார்கள். கோழியை அடைவைத்து வாத்துக் குஞ்சு பொரிக்கும் நம் பாட்டிமாருக்கு இது தெரியாத வித்தையா!

1984-இல் பாம்ப்ளமூஸ் பூந்தோட்டத்தில் சில புறாக்களைப் பறக்கவிட்டார்கள். பையன்கள் கவணெடுத்து அடித்துவிட்டார்கள். எத்தனை வருஷப் பாடு! அவர்களை மட்டும் திட்டி என்ன செய்ய? பால்மரக் காட்டில் நம் பிள்ளைகள் எதை விட்டுவைத்தார்கள்?

1987 முதல் காட்டிலேயே விட ஆரம்பித்தார்கள். எலிக்கு மருந்து, பூனைக்குப் பொறி, புறாவுக்குத் தானியம், ஒவ்வொன்றின் காலிலும் வளையம். பெரட்டில் பேர் கூப்பிடுவது மாதிரி கணக்கு எடுக்கிறார்கள்.

எண்ணிக்கை இப்போது ஐந்நூறை ஒட்டி வந்திருக்கிறது. ஆனால் எல்லாம் ஒரு சில தாய் தகப்பன் வழி வந்தவை, சொந்தத்துக்குள்ளேயே சம்பந்தம். பல முட்டைகள் கூமுட்டையாகின்றன. தொண்டையில் வரும் ஒரு நோய் குஞ்சுகளைக் கொல்கிறது. ஐரோப்பிய மிருகக்காட்சிச் சாலைகளில் வளரும் புறாக்களைக் கொண்டு புது ரத்தம் கலக்கப் பார்க்கிறார்கள். காட்டில் தானியம் வைப்பதும் இன்னும் நிற்கவில்லை.