கைபேசியிற் கட்டளை நிரல்கள்

அரியலூர் ஜில்லாவிலுள்ள செந்துறையிலிருந்தும், அதனைச் சூழ்ந்த முந்திரிக்காட்டு ஊர்களிலிருந்தும் கல்லூரி புகும் மாணாக்கரிற் கணினி இல்லாதார்க்கும் பெரும்பாலும் கைபேசி உண்டு. 'சி' மொழியிற் பயில அஃதொன்றே போதுமா? போதும் என்பதே எமது துணிபு. எனினும் இடையில் வரும் தடைகளை முன்னரே அறிந்திருத்தல் நலம்.

ஆண்டிராய்டுக்கு அடித்தளமாயிருப்பது லினக்ஸ் கெர்னல். ஆகவே, படமும் பொத்தானுமின்றி எழுத்துவழியே கட்டளை பெற்று விடையிறுக்கும் நிரல்களும் அதில் இயங்கவல்லன. அங்ஙனமாயினும், ஏ.ஆர்.எம். பிராசஸருக்கென்றே சாதாரண லினக்ஸிற் தொகுத்த நிரலொன்றைக் கைபேசியில் இட்டு இயக்கின், 'அப்படியொரு கோப்பு இல்லை' என்னும் மறுமொழி வருதல் இயல்பு. கோப்போ கண்ணெதிரே கிடக்கிறது! இவ்விடத்திலேதான் பலர் மனந்தளர்வர். உண்மையில் இல்லாதது அக்கோப்பன்று; அதனை நினைவகத்தில் ஏற்றித் துணைநூலகங்களோடு பிணைக்கும் ஏற்றியே. நிரலின் உள்ளே அவ்வேற்றியின் இருப்பிடம் எழுதப்பட்டிருக்கும். சாதாரண லினக்ஸில் அது 'லிப்' அடைவில் உளது. ஆண்டிராய்டிலோ 'சிஸ்டம்' அடைவினுள் 'லிங்க்கர்64' என்னும் பெயரோடு வேறாக உளது. 'சி' நூலகமும் ஜிலிப்ஸி அன்று, பயானிக் என்பதாம். இவ்விரண்டையும் அறிந்த தொகுப்பியாலேயே நிரலைச் சமைத்தல் வேண்டும்.

நிற்க. 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பு முதல், நினைவகத்தில் எவ்விடத்து ஏற்றினும் இயங்கும் வண்ணம் தொகுக்கப்பட்ட நிரல்களையே ஆண்டிராய்டு ஏற்கும். இருப்பிடம் ஒவ்வொரு முறையும் மாறுவதால், கள்வர்க்கு இலக்கு எளிதிற் புலனாகாது.

கணினியுடையோர் கூகுளின் என்.டி.கே. கருவிகளாற் தொகுத்துக் கம்பிவழியே அனுப்பலாம். இல்லாதார்க்கு, 2015-இல் தோன்றிய டெர்மக்ஸ் என்னும் செயலி பேருதவி புரியும். அதனுள் 'பி.கே.ஜி. இன்ஸ்டால் கிளாங்' எனக் கட்டளையிடின், தொகுப்பி கைபேசியிலேயே வந்தமையும்; மேற்கூறிய விதிகளை அது தானே கவனித்துக்கொள்ளும். 2019-இல் வெளிவந்த பத்தாம் பதிப்பு, தன்னை இலக்காகக் கொண்ட செயலிகள் தாம் எழுதும் இடத்திலுள்ள நிரல்களை நேரே இயக்குவதைத் தடுத்துவிட்டது. பாதுகாப்பின் பொருட்டே எனினும், பயில்வோர்க்கு இது இடரே. எஃப்-டிராய்டில் கிடைக்கும் டெர்மக்ஸ் முந்தைய பதிப்பையே இலக்காகக் கொண்டிருப்பது இதனால்தான்.

பதிவிறக்க அடைவில் வைத்த நிரல் 'அனுமதி இல்லை' என்று கூறி நிற்கும். பொதுச் சேமிப்பிடத்தில் எந்நிரலும் இயங்காது. டெர்மக்ஸின் இல்ல அடைவிற்கு அதனை மாற்றி, இயக்க உரிமை வழங்கினால் ஓடும்.