கறுப்பு கிளிப், சிவப்பு கிளிப்

துருவை எடுக்கும்போது, பேட்டரி சார்ஜரின் கறுப்பு கிளிப்பை எதில் மாட்டுகிறோம், சிவப்பை எதில் மாட்டுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. மாற்றி மாட்டினால், காப்பாற்ற நினைத்த பாகமே விடிவதற்குள் தண்ணீரில் கரையத் தொடங்கியிருக்கும்.

வாளியில் கிடப்பது ஒரு பழைய புல்லட்டின் டூல் பாக்ஸ் மூடி. புதுப்பேட்டை காயலான் கடையில் கிடைத்தது. புல்லட்டைச் செய்த என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் உருவானது 1955-ல். தொழிற்சாலை திருவொற்றியூரில், கடலுக்குப் பக்கத்திலேயே. உப்புக் காற்றில் பிறந்த வண்டி என்று சொல்லலாம். காற்றோடு வரும் உப்பு தகட்டில் படிந்து ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அந்த ஈரத்தில் ஓர் இடத்து இரும்பு எலக்ட்ரான்களை விட்டுக் கரைய, இன்னோர் இடத்தில் ஆக்சிஜன் அவற்றை வாங்கிக்கொள்ளும். துருப்பிடிப்பது என்பது, யாரும் கேட்காமல் தானாக ஓடும் ஒரு குட்டி பேட்டரி.

அலுமினியமும் ஆக்சிஜனோடு சேரும். ஆனால் அதன் ஆக்சைடு மெல்லிய தோலாக ஒட்டிக்கொண்டு உள்ளே இருப்பதைக் காக்கும். துருவுக்கு அந்த நல்ல குணம் இல்லை. இரும்பாக இருந்தபோது பிடித்த இடத்தைப்போல இரண்டு மடங்குக்கும் மேல் கேட்கும். இடம் போதாமல் உப்பி, மேலிருக்கும் பெயின்டைக் கொப்புளமாகத் தூக்கி, உதிர்ந்து, அடுத்த அடுக்குக்கும் வழி விட்டுவிடும்.

பட்டறையில் இதற்கு வயர் பிரஷ், உப்புத்தாள், அவசரமென்றால் கிரைண்டர். தேய்க்கிற கருவிக்குத் துரு எங்கே முடிகிறது, இரும்பு எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. இரண்டையும் சேர்த்தே வழிக்கும். குழிக்குள் ஒளிந்திருக்கும் துருவை மட்டும் விட்டுவிடும்!

மின்சாரம் அப்படியல்ல. பிளாஸ்டிக் வாளியில் தண்ணீர், லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி சலவை சோடா, 12 வோல்ட் பேட்டரி சார்ஜர். கறுப்பு, அதாவது மைனஸ், மூடிக்கு. சிவப்பு, ஓரமாக நிற்கும் ஒரு வெட்டுக் கம்பிக்கு. இப்போது மூடிக்குள் எலக்ட்ரான்கள் வந்து குவிகின்றன. இழந்ததைத் திருப்பிக் கொடுக்கும் இடத்தில் இரும்பு கரைய வழியில்லை. துருவில் ஒரு பகுதி கறுப்புத் தூளாக மாறுகிறது. மூடியின் மேல் பொங்கும் ஹைட்ரஜன் குமிழிகள் அதை அடியிலிருந்து நெம்பிவிடுகின்றன. காலையில் எடுத்து ஒரு பழைய பல் பிரஷால் தேய்த்தால் மை மாதிரி வழிகிறது.

அந்த ஹைட்ரஜன் தீப்பிடிக்கும். திறந்தவெளியில்தான் செய்ய வேண்டும். சிவப்பு கிளிப்பில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கூடவே கூடாது, அதிலுள்ள குரோமியம் நச்சு வடிவத்தில் தண்ணீரில் இறங்கிவிடும். சோடாவுக்குப் பதில் சமையல் உப்பைப் போட்டால் குளோரின் வரும். ஸ்பிரிங்கையும் இதில் போடாதீர்கள்: கெட்டிப்படுத்திய எஃகுக்குள் ஹைட்ரஜன் நுழைந்தால் அது முறுகிப்போய், ஒருநாள் சொல்லாமல் ஒடியும்.

பெயின்ட் மின்சாரத்தை விடாது. அதனால் முதலில் அது போக வேண்டும். எனக்குப் பிடித்த ரசாயனம் இங்கேதான் இருக்கிறது. அந்தக் காலத்து எண்ணெய்ப் பெயின்ட் உலர்ந்து இறுகினாலும் உள்ளுக்குள் எண்ணெயின் உறவுதான். காஸ்டிக் சோடா கரைசலில் போட்டால், எண்ணெயைச் சோப்பாக்கும் அதே வினை நடக்கிறது. மூடியின் சிவப்பு சுருங்கி, வழவழவென்று ஆடையாகக் கழன்றது. அடியில் பச்சை, அதற்கும் அடியில் கறுப்பு. எத்தனை கை மாறியதோ! இந்தக் காலத்துப் பாலியூரித்தேன் பெயின்ட் இதற்கு மசியாது.

காஸ்டிக்கை நம்பி நான் ஒருமுறை ஓர் அலுமினிய எஞ்சின் கவரையும் அதே தொட்டியில் இறக்கினேன். அலுமினியத்தின் அந்தக் காவல் தோலையே காஸ்டிக் தின்றுவிடும் என்பது பள்ளிப் பாடம். தொட்டி நுரைத்துப் பொங்கியபோதுதான் நினைவுக்கு வந்தது. பளபளத்த கவர் சாம்பல் பூத்த சொரசொரப்பாக வெளியே வந்தது.

பழைய பெயின்டை ஈரப்படுத்தாமல் தேய்ப்பதும் அதே வகை அசட்டுத் துணிச்சல். அதில் ஈயம் இருக்கலாம். தூசியாகப் பறந்தால் நேராக நுரையீரலுக்கு. ஈரமாகவே உரித்துவிடுவது நல்லது.

மின்சாரத்துக்கு ஒரு குறை உண்டு. கம்பிக்கு எதிரே இருக்கும் முகத்தில்தான் நன்றாக வேலை செய்யும். குழாயின் உட்புறம் அப்படியே இருக்கும். அங்கே சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகு கைகொடுக்கிறது. ஒரு பங்கு பாகுக்கு ஒன்பது பங்கு தண்ணீர், பிறகு சில வாரப் பொறுமை. நாற்றத்தை அக்கம்பக்கத்தார்தான் பொறுக்க வேண்டும். பாகிலுள்ள கரிமச் சேர்மங்கள் துருவிலுள்ள இரும்பு அயனியைக் கொடுக்குப் போல இரு பக்கமும் கவ்வித் தண்ணீருக்குள் இழுக்கின்றன. இந்த வினைக்குக் கீலேஷன் என்று பெயர். கிரேக்கத்தில் நண்டின் கொடுக்கைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது.

மூடியைக் கழுவி, வெயிலில் சாய்த்து வைத்தேன். பிரைமர் டப்பாவைத் திறக்க ஸ்க்ரூடிரைவர் தேடி உள்ளே போய்த் திரும்பியபோது, போல்ட் ஓட்டையைச் சுற்றி, ஈரம் கடைசியாகக் காய்ந்த இடத்தில், ஆரஞ்சு நிறத்தில் மெல்லிய ஒரு வளையம். மறுபடியும் உப்புத்தாள்.