கிளட்ச் பிளேட்டை வீட்டிலேயே மாற்றலாமா?

நம் மஹல்லாவில் பல குடும்பங்களின் வருமானம் ஒரே ஒரு வண்டியை நம்பி இருக்கிறது. பள்ளிக்கூட வேன், வாடகைக் கார், கடைக்குச் சரக்கு ஏற்றும் வண்டி என்று எதுவாக இருந்தாலும், அது ஒரு வாரம் நின்றால் வீட்டுச் செலவும் நின்றுவிடும். கையால் கியர் போடும் வண்டிகளில் அப்படி நிறுத்திவைக்கும் வேலைகளில் ஒன்று கிளட்ச் மாற்றுவது. உதிரிப் பாகத்தின் விலையோடு, கியர்பாக்ஸை இறக்கி ஏற்றும் கூலியும் சேர்ந்துகொள்கிறது. அந்தக் கூலியை மிச்சப்படுத்தலாமே என்று நினைக்கும் சகோதரர்களுக்காகவும், பட்டறைக்கே கொடுத்தாலும் அங்கே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள விரும்புகிறவர்களுக்காகவும் இந்த விளக்கம்.

கிளட்ச் என்ன செய்கிறது?

எஞ்சினோடு சேர்ந்து சுற்றும் கனமான வட்டு ஃப்ளைவீல். அதன் மேல் கிளட்ச் பிளேட்டை அழுத்திப் பிடிப்பது பிரஷர் பிளேட். இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட கிளட்ச் பிளேட்தான் எஞ்சினின் சக்தியைக் கியர்பாக்ஸுக்குக் கொடுக்கிறது. பெடலை மிதித்தால் ரிலீஸ் பேரிங் முன்னே நகர்ந்து பிரஷர் பிளேட்டின் ஸ்பிரிங்கை அழுத்தும். பிடி தளர்ந்து எஞ்சினும் கியர்பாக்ஸும் பிரியும். கிளட்ச் பிளேட்டின் இரண்டு பக்கமும் ஒட்டியிருக்கும் லைனிங்தான் தேய்கிறது.

முதலில் நோயைக் கண்டுபிடியுங்கள்

கிளட்ச் போய்விட்டது என்று சொல்லப்படும் எல்லா வண்டிக்கும் புது கிளட்ச் தேவைப்படாது. செலவு செய்வதற்கு முன் இவற்றைப் பாருங்கள்.

ஏற்றத்தில் ஆக்ஸிலேட்டரை மிதித்தால் எஞ்சின் சத்தம் மட்டும் ஏறி வேகம் ஏறவில்லை, கருகிய வாடை வருகிறது என்றால் கிளட்ச் வழுக்குகிறது. பெடலை முழுக்க மிதித்தும் கியர் விழ மறுக்கிறது, ரிவர்ஸ் போடும்போது கரகரக்கிறது என்றால் கிளட்ச் முழுதாகப் பிரியவில்லை. பெடலை மிதிக்கும்போது மட்டும் இரைச்சல் வந்தால் ரிலீஸ் பேரிங் மீது சந்தேகம். மிதித்தால் நின்று, விட்டால் வரும் சத்தம் பெரும்பாலும் கியர்பாக்ஸுக்குள் இருக்கும் பேரிங்குடையது. கிளட்ச் மாற்றினால் அது போகாது.

பெடலின் ஆட்டத்தையும் கவனியுங்கள். விரலால் லேசாக அழுத்தும்போது, எதிர்ப்பு தெரிவதற்கு முன் பெடல் சிறிது தூரம் சும்மா இறங்க வேண்டும். கேபிள் உள்ள பல சிறிய கார்களில் இது ஒன்று முதல் இரண்டரை செ.மீ. வரை இருக்கும், சரியான அளவு வண்டியோடு வந்த புத்தகத்தில் இருக்கும். ஆட்டமே இல்லையென்றால் கிளட்ச் எப்போதும் பாதி பிரிந்தே இருந்து வழுக்கும். ஆட்டம் அதிகமென்றால் முழுதாகப் பிரியாது. இரண்டையுமே கேபிளின் நட்டைத் திருகிச் சரிசெய்துவிடலாம். ஆயில் அழுத்தத்தில் இயங்கும் கிளட்சாக இருந்தால் கசிவு இருக்கிறதா என்று பாருங்கள்.

இதற்குப் பிறகும் சந்தேகம் இருந்தால் ஒரு சோதனை. சமதளத்தில், வண்டிக்கு முன்னாலும் பின்னாலும் யாரும் இல்லாதபோது, ஹேண்ட் பிரேக்கை இறுக்கி இழுத்து, பிரேக்கையும் மிதித்துக்கொண்டு, மூன்றாவது கியரில் கிளட்சை மெதுவாக விடுங்கள். நல்ல கிளட்சாக இருந்தால் எஞ்சின் திணறி அணைந்துவிடும். அணையாமல் ஓடிக்கொண்டே இருந்தால் பிளேட் தேய்ந்துவிட்டது. இதை ஒரு தடவைக்கு மேல் செய்யாதீர்கள்.

உயிருக்கு உத்தரவாதம் முதலில்

இந்த வேலையில் கஷ்டமானதைவிட ஆபத்தானதுதான் அதிகம். சிறிய காரின் கியர்பாக்ஸே இருபது, முப்பது கிலோ இருக்கும். அதற்கு அடியில் படுத்துக்கொண்டுதான் வேலை செய்ய வேண்டும்.

ஜாக்கி தூக்குவதற்கு மட்டுமே, தாங்குவதற்கு அல்ல. தூக்கிய பிறகு இரண்டு பக்கமும் இரும்பு ஸ்டாண்ட் வைக்க வேண்டும். செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் திடீரென்று நொறுங்கிவிடும். அவற்றை நம்பி ஒருவரும் அடியில் போகக் கூடாது. மண் தரை, சரிவான சந்து இரண்டும் ஆகாது. பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். ஸ்டாண்டில் நிறுத்தியதும், அடியில் போவதற்கு முன் வண்டியைக் கையால் ஆட்டிப் பாருங்கள். தனியாகச் செய்யாதீர்கள், பிள்ளைகளை அருகில் விடாதீர்கள்.

உள்ளே இருக்கும் கருப்புத் தூளை வாயால் ஊதவோ, காற்றடித்துச் சுத்தம் செய்யவோ கூடாது. நுரையீரலைக் கெடுக்கும் ஆஸ்பெஸ்டாஸ் கலந்த லைனிங்குகள் உண்டு. பார்த்து அடையாளம் காண முடியாது. முகக்கவசம் அணிந்து, ஈரத் துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டிப் போடுங்கள்.

வேலை நடக்கும் வரிசை

மாருதி 800, ஆல்டோ போல முன் சக்கரம் இழுக்கும் சிறிய கார்களுக்கான பொதுவான வரிசை இது. ஓம்னி போன்ற பின் சக்கரம் இழுக்கும் வண்டிகளில், சக்கரத்துக்குப் போகும் ஷாஃப்டுகளுக்குப் பதிலாக நடுவில் ஓடும் நீண்ட புரொப்பெல்லர் ஷாஃப்ட்டைக் கழற்ற வேண்டியிருக்கும்.

1. பேட்டரியின் மைனஸ் வயரைக் கழற்றுங்கள். ஸ்டார்டர் மோட்டாரில் எப்போதும் மின்சாரம் இருக்கும்.

2. சக்கர நட்டுகளை, வண்டி தரையில் இருக்கும்போதே தளர்த்திக்கொண்டு, பிறகு தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள்.

3. கியர் ஆயிலை வடித்துவிட்டு, சஸ்பென்ஷன் பால் ஜாயின்ட்டைப் பிரித்து, இரண்டு டிரைவ் ஷாஃப்டுகளையும் கியர்பாக்ஸிலிருந்து வெளியே எடுங்கள்.

4. கிளட்ச் கேபிள், கியர் லிங்க், ஸ்பீடோமீட்டர் கேபிள், ரிவர்ஸ் லைட் வயர், ஸ்டார்டர் மோட்டார் ஆகியவற்றைக் கழற்றுங்கள். ஒவ்வொன்றையும் கழற்றும் முன் செல்போனில் படம் எடுத்துவைத்தால் திரும்ப மாட்டும்போது குழப்பம் வராது. போல்ட்டுகளைத் தனித்தனிக் கிண்ணங்களில் போடுங்கள்.

5. எஞ்சினுக்கு அடியில் பலகை வைத்து ஒரு ஜாக்கியால் தாங்குங்கள். கியர்பாக்ஸுக்கு இன்னொரு ஜாக்கி. பிறகு மவுண்ட்டையும், எஞ்சினோடு சேர்க்கும் போல்ட்டுகளையும் கழற்றி, கியர்பாக்ஸை நேராகப் பின்னுக்கு இழுங்கள்.

6. பிரஷர் பிளேட் போல்ட்டுகளைக் குறுக்கு வரிசையில், சிறிது சிறிதாகத் தளர்த்துங்கள். கடைசி போல்ட்டில் பிளேட் கையில் விழும்; பிடித்துக்கொள்ளுங்கள்.

7. இப்போது ஃப்ளைவீலைப் பாருங்கள். வெடிப்பு, ஆழமான கோடு, நீலத் திட்டு இருந்தால் லேத்தில் காட்ட வேண்டும். ஆயில் ஈரம் தெரிந்தால் எங்கே கசிகிறது என்று பார்த்து அந்த சீலை மாற்றாமல் மூடாதீர்கள். புது பிளேட்டும் ஆயில் பட்டு அதே கதியாகிவிடும்.

8. புது பிளேட்டில் எந்தப் பக்கம் ஃப்ளைவீலைப் பார்க்க வேண்டும் என்று பெரும்பாலும் அச்சிட்டிருக்கும். கழுவிய கையால் தொடுங்கள். பிளேட் சரியாக நடுவில் நிற்க 'அலைன்மென்ட் டூல்' வேண்டும். அதை மாட்டி, போல்ட்டுகளைக் குறுக்கு வரிசையில் இறுக்கி, குறிப்பிட்ட அளவுக்கு டார்க் ரெஞ்சால் முறுக்கிய பிறகுதான் டூலை எடுக்க வேண்டும்.

9. கியர்பாக்ஸ் ஷாஃப்ட்டின் பற்களில் கிரீஸ் மெல்லிய பூச்சாக இருந்தால் போதும். அதிகமானால் லைனிங்கில் தெறிக்கும். கியர்பாக்ஸ் முழுதாக உட்காரும் வரை போல்ட்டை இறுக்கி இழுக்காதீர்கள். உட்காரவில்லையென்றால் பிளேட் நடுவில் இல்லை, அல்லது ஷாஃப்ட்டைச் சற்றுத் திருப்ப வேண்டும். அதன் எடையைக் கிளட்ச் பிளேட்டின் மேல் தொங்கவிட்டால் புது பிளேட் வளைந்துவிடும்.

10. எல்லாவற்றையும் மாட்டி, கியர் ஆயில் ஊற்றி, பெடலின் ஆட்டத்தைச் சரிசெய்த பிறகே ஸ்டார்ட் செய்யுங்கள்.

வாங்கும்போது கவனிக்க

பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் சேர்த்தே மாற்றுங்கள். பேரிங்கை மட்டும் மிச்சம் பிடித்தால், அது போகும் நாளில் மறுபடியும் கியர்பாக்ஸை இறக்க வேண்டும். ஆர்.சி. புத்தகத்தைக் கொண்டுபோய் மாடலும் வருடமும் சொல்லி, பில்லோடு வாங்குங்கள். போலிச் சரக்கு நிறைய உலவுகிறது.

யார் செய்ய வேண்டாம்?

எஞ்சின் ஆயில் மாற்றுவதும் பிரேக் ஷூ மாற்றுவதும் கை பழகாதவர்கள் இந்த வேலையில் நேராக இறங்க வேண்டாம். அனுபவசாலிக்குப் பட்டறையில் சில மணி நேரத்தில் முடிவது, வீட்டில் முதல்முறை செய்பவருக்கு இரண்டு நாளாகலாம். ஆகவே வண்டிக்குச் சவாரி இல்லாத நாளாகப் பாருங்கள். தெரிந்த ஒரு மெக்கானிக்கை உடன் வைத்துக்கொண்டு செய்தால் பாதிக் கூலியாவது மிஞ்சும். வீட்டுப் பையன் ஒரு தொழிலும் கற்றுக்கொள்வான். இரட்டை ஃப்ளைவீல் உள்ள புதிய டீசல் வண்டிகளைப் பட்டறைக்கே விட்டுவிடுங்கள்.

புது கிளட்சை முதல் சில நூறு கிலோமீட்டர் பாரம் குறைத்து, பதமாக ஓட்டுங்கள். பெடலின் மேல் காலை ஓய்வாக வைக்கும் பழக்கம், சிக்னல் ஏற்றத்தில் ஹேண்ட் பிரேக் போடாமல் அரை கிளட்சிலேயே வண்டியைப் பிடித்து நிற்பது, அளவுக்கு மீறிய பாரம் ஆகிய மூன்றையும் விட்டாலே கிளட்ச் நீண்ட காலம் உழைக்கும். அந்த மிச்சத்துக்கு ஒரு ஸ்பானர்கூடத் தேவையில்லை.