தோலில் பதிந்த எழுத்துப் பிழைக்கு யார் பொறுப்பு?

பத்திரிகையில் ஓர் எழுத்துப் பிழை நேர்ந்தால் மறுநாள் திருத்தம் வெளியிடலாம். கடையின் பெயர்ப்பலகையில் நேர்ந்தால் அதனைக் கழற்றி மீண்டும் எழுதுவிக்கலாம். ஆனால், மனிதத் தோலில் ஊசியால் பதிக்கப்பட்ட எழுத்தில் பிழை நேர்ந்தால் என்ன செய்வது? அதற்கான செலவையும் வேதனையையும் யார் ஏற்பது? வேடிக்கையான வினாவாகத் தோன்றினாலும், சட்டத்தின் சில அடிப்படைக் கோட்பாடுகளைத் தொட்டுச் செல்லும் வினா இதுவாகும்.

பச்சை குத்தும் வழக்கம் எமது சமூகத்திற்குப் புதியதன்று. இன்று அது மின்சார இயந்திரத்தின் துணையுடன் ஒரு வணிகச் சேவையாக வளர்ந்துள்ளது. குறிப்பாக இலண்டனிலும் ரொறன்ரோவிலும் வளர்ந்த எமது பிள்ளைகளுள் சிலர், மறைந்த தாயினதோ தந்தையினதோ பெயரைத் தமிழ் எழுத்தில் பதித்துக்கொள்ள விரும்புகின்றனர். அவர்களுட் பலருக்குத் தமிழை வாசிக்கத் தெரியாது. பச்சை குத்துபவருக்கும் தெரியாது. பிழை பிறப்பதற்கு இதனைவிட வாய்ப்பான சூழல் வேறில்லை எனலாம்.

தமிழில் இப்பிழைகள் பெரும்பாலும் சில வழிகளிலேயே நேர்கின்றன. லகர, ளகர, ழகரங்களும், ரகர, றகரங்களும், னகர, ணகரங்களும் இடம் மாறுவது ஒன்று. புள்ளி விடுபட்டு ‘அம்மா’ என்பது ‘அமமா’ ஆகிவிடுவது இன்னொன்று. மூன்றாவது, கணினி செய்யும் குழப்பம். தமிழ் எழுத்துகளை முறையாக ஆளத் தெரியாத வரைகலை மென்பொருளில் ஒரு சொல்லை ஒட்டும்போது, எழுத்துக்கு முன்னால் நிற்க வேண்டிய கொம்பு பின்னால் போய் நின்றுவிடுகிறது. தமிழறிந்தவர் ஒரு கணத்தில் காணக்கூடிய இப்பிழையை, அறியாதவர் அழகிய வடிவமென்றே எண்ணிக்கொள்வார்.

புகழ்பெற்றவர்களும் இதற்கு விலக்கல்லர். பிரித்தானிய உதைபந்தாட்ட வீரர் டேவிட் பெக்கம் 2000ஆம் ஆண்டில் தமது மனைவி விக்டோரியாவின் பெயரைத் தேவநாகரி எழுத்தில் கையிற் பதித்துக்கொண்டபோது, அதில் ஓர் எழுத்து மிகையாக இருப்பதாக ஊடகங்கள் எழுதின.

பச்சை குத்துபவருக்கும் வாடிக்கையாளருக்கும் இடையில் இருப்பது ஒரு சேவை ஒப்பந்தமாகும். எழுத்தில் எழுதப்படாவிடினும் அது ஒப்பந்தமே. பிரித்தானியாவின் 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைகள் சட்டத்தின்படி, எந்தவொரு சேவையும் நியாயமான கவனத்துடனும் திறமையுடனும் வழங்கப்பட வேண்டும். தவறினால் சேவையை மீண்டும் செய்து தருமாறு கோரலாம். அது இயலாதெனின் கட்டணக் குறைப்பைப் பெறலாம். தோலில் ‘மீண்டும் செய்தல்’ எளிதன்று என்பதால், கட்டணக் குறைப்பும் நட்டஈடுமே இங்கு முதன்மை பெறுகின்றன. இலங்கையிலும் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம், சேவை உரிய கவனத்துடனும் திறமையுடனும் வழங்கப்படும் என்ற உட்கிடையான உத்தரவாதத்தை ஏற்றுக்கொள்கிறது. அதற்கு அப்பால், உரோமன் ஒல்லாந்துச் சட்டத்தின் தீங்கியல் கோட்பாடுகளின் கீழ் கவலையீனத்திற்காகவும் வழக்குத் தொடரலாம்.

அவ்வாறாயின் பிழை எங்கே தோன்றியது என்பதே தீர்க்கமான வினாவாகிறது. வாடிக்கையாளர் சரியாக எழுதிக் கொடுத்ததைப் பச்சை குத்துபவர் மாற்றிப் பதித்திருந்தால், பொறுப்பு அவருடையதே. வாடிக்கையாளரே பிழையாக எழுதிக் கொடுத்து, அது அவ்வாறே பதிக்கப்பட்டிருந்தால், பெருமளவு பொறுப்பு வாடிக்கையாளரைச் சாரும். ஆயினும் மொழியறிந்த ஒருவர் பிழையைக் கண்டும் வாய்திறவாதிருந்தால், அது நியாயமான கவனமா என்ற கேள்வி எழும். ‘தமிழில் நானே எழுதித் தருகிறேன்’ என்று ஒருவர் பொறுப்பேற்றுப் பணம் பெற்றால், பின்னர் தமக்குத் தமிழ் தெரியாது என்று கூறித் தப்ப முடியாது. ஊசி படுவதற்கு முன்னர் தோலில் ஒட்டிக் காட்டப்படும் மாதிரியை வாடிக்கையாளர் பார்த்து ஒப்புதல் அளித்திருந்தால், பங்களிப்புக் கவலையீனம் எனக் கருதி நட்டஈட்டை நீதிமன்றம் குறைக்கலாம்.

‘அவர் விரும்பித்தானே வந்தார்’ என்ற வாதம் இத்தகைய வழக்குகளில் முன்வைக்கப்படுவதுண்டு. இதற்கு ஜேர்மனியின் ஹம் மேனிலை நீதிமன்றம் 2014இல் வழங்கிய தீர்ப்பு நல்ல விடையாகும். அவ்வழக்கு எழுத்துப் பிழை பற்றியதன்று; தோளில் பதிக்கப்பட்ட பூங்கொடி ஒன்றில் வண்ணங்கள் அளவுக்கு மீறிய ஆழத்தில் செலுத்தப்பட்டமை பற்றியது. பச்சை குத்துதல் உடலுக்கு ஊறு விளைவிக்கும் செயலே. அச்செயலை நியாயப்படுத்தும் சம்மதம், வேலை தொழில்முறைப்படி பிழையின்றிச் செய்யப்படும் என்ற எல்லைக்கு உட்பட்டது என்பதே அதன் சாரம். தவறு செய்தவரிடமே மீண்டும் உடலை ஒப்படைக்குமாறு வாடிக்கையாளரைக் கட்டாயப்படுத்த முடியாது எனவும் நீதிமன்றம் கூறியது. அவருக்கு 750 யூரோ இழப்பீடாகக் கிடைத்தது.

பல நிலையங்கள் ‘எவ்விதப் பிழைக்கும் நாம் பொறுப்பல்ல’ என்ற படிவத்தில் கையொப்பம் பெறுகின்றன. அக்கையொப்பத்துடன் எல்லாம் முடிந்துவிடுவதில்லை. இலங்கையின் 1997ஆம் ஆண்டு 26ஆம் இலக்க நியாயமற்ற ஒப்பந்த நியதிகள் சட்டம், கவலையீனத்தால் விளையும் உடற்காயத்திற்கான பொறுப்பை இத்தகைய வாசகத்தால் நீக்க இடமளிப்பதில்லை. ஏனைய இழப்புகளில் அந்த வாசகம் நியாயமானதா என்பது பரிசீலிக்கப்படும்.

நட்டஈடு என்பது செலுத்திய கட்டணம் மட்டுமன்று. லேசர் மூலம் எழுத்தை அகற்றப் பல வார இடைவெளிகளில் பல அமர்வுகள் தேவைப்படலாம். கறுப்பு மை ஓரளவு இலகுவாக நீங்கும். பச்சை, மஞ்சள் போன்ற நிறங்கள் கடினமானவை. அகற்றுவதற்கான செலவு பதித்த செலவை விடப் பன்மடங்கு ஆவதுமுண்டு. மன உளைச்சலைப் பொறுத்தவரை, மகிழ்ச்சியோ மனநிறைவோ தருவதையே நோக்கமாகக் கொண்ட ஒப்பந்தம் மீறப்பட்டால் அதற்கும் இழப்பீடு வழங்கலாம் என்பதை ஆங்கிலேய நீதிமன்றங்கள் 1972ஆம் ஆண்டின் ஒரு விடுமுறைச் சுற்றுலா வழக்கு முதல் ஏற்று வந்துள்ளன.

பச்சை குத்துதல் மார்க்கத்தில் தடுக்கப்பட்டது என்பது இஸ்லாமிய அறிஞர்களின் பொதுவான நிலைப்பாடாகும். எனவே முஸ்லிம் வாசகர்களுட் பெரும்பாலோருக்கு இவ்விடயம் நேரடியாக ஏற்படப் போவதில்லை. எனினும் திருமண அழைப்பிதழ், பெயர்ப்பலகை, கல்வெட்டு ஆகிய எல்லாவற்றிற்கும் இதே தத்துவமே பொருந்தும். ஓரெழுத்தின் விலையை உணர்த்த ஓர் உதாரணம் போதும். 2009இல் பிரித்தானியக் கம்பனிப் பதிவகம், ‘டெய்லர் அன்ட் சன்’ என்ற நிறுவனம் கலைக்கப்படுவதைத் தவறுதலாக ‘டெய்லர் அன்ட் சன்ஸ்’ என்ற வேறொரு நிறுவனத்தின் பெயரில் பதிந்தது. கடன் வழங்குநர்கள் பின்வாங்கினர். சுமார் 250 பேர் பணியாற்றிய பழமைவாய்ந்த நிறுவனம் நிலைகுலைந்தது. பதிவகமே இதற்குப் பொறுப்பு என 2015 ஜனவரியில் இலண்டன் மேல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

ஆகவே சில முன்னெச்சரிக்கைகள் அவசியமாகும். சொல்லைத் தெளிவாக அச்சிட்டுக் கொடுத்து, அதன் பிரதியொன்றைத் தம்மிடம் வைத்திருக்க வேண்டும். மொழியறிந்த இருவரிடமேனும் காட்ட வேண்டும். தோலில் ஒட்டிய மாதிரியைப் படமெடுத்துச் சரிபார்த்த பின்னரே ஊசிக்கு இடமளிக்க வேண்டும். பற்றுச்சீட்டையும் தொலைபேசிச் செய்திகளையும் பேண வேண்டும். பிழை நேர்ந்துவிட்டால் உடனே எழுத்தில் அறிவிக்க வேண்டும். அதிகாரசபைக்கான முறைப்பாடு மூன்று மாதங்களுக்குள்ளும், தீங்கியல் வழக்கு இரண்டு வருடங்களுக்குள்ளும், எழுதப்படாத ஒப்பந்தம் தொடர்பான வழக்கு மூன்று வருடங்களுக்குள்ளும் தொடரப்பட வேண்டும்.

சட்டம் பணத்தை மீட்டுத் தரலாம். ஆனால், தாயின் பெயரில் நேர்ந்த பிழையை நாள்தோறும் கையிற் காணும் பிள்ளையின் வருத்தத்தை அதனால் முற்றாக அகற்ற முடியாது. எழுதுவதற்கு முன் ஒருமுறை வாசித்துக் காட்டும்படி கேட்க மூத்தவர் ஒருவர் அருகில் இருப்பாராயின், அவ்வருத்தத்திற்கே இடமிராது.